வேலை அனுமதி வருமுன் காரும் சாமானும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கனடா வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களில் விசாவைவிடச் சாமானைப் பற்றிய பேச்சே அதிகம் நடக்கிறது. காரை விற்பதா, தம்பியிடம் விட்டுப்போவதா, தையல் இயந்திரத்தைக் கப்பலில் போடலாமா என்ற கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் கனேடியச் சுங்கம் முதலில் பார்ப்பது பொருளையல்ல, அதைக் கொண்டுவருபவர் எந்த நிலையில் நாட்டுக்குள் நுழைகிறார் என்பதையே. அந்த நிலை முடிவாகும் முன்னரே சாமானை நகர்த்தத் தொடங்குவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கிடைக்கும் அறிமுகக் கடிதத்தையே வேலை அனுமதி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கனடாவில் இறங்கியதும் எல்லை அதிகாரி விசாரித்து அச்சிட்டுக் கொடுக்கும் தாளே அனுமதிப்பத்திரம். அதன் முடிவுத் திகதியை அந்த மேசையை விட்டு நகருமுன் வாசித்துவிட வேண்டும். 36 மாதங்களுக்கு மேற்படாத தற்காலிக வேலைக்காக வருபவரைச் சுங்க விதி குடியேறியாகக் கருதுவதில்லை. அவர் தம் சொந்தப் பாவனைப் பொருட்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம், ஆனால் அவற்றை அங்கே விற்கவோ கைமாற்றவோ முடியாது. கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டி வேலை அனுமதி வழங்கப்படுவதில்லை என்பதால், இரண்டு வருடத்தில் காலாவதியாகும் கடவுச்சீட்டோடு போகிறவர் நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்தாலும் குறுகிய அனுமதியோடு நிற்க நேரிடும். ஆகவே, பெட்டி வாங்க முன்னர் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது நல்லது.

அடுத்தது காரைப் பற்றியது. இங்கே ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானியச் சந்தைக்கோ நமது சந்தைக்கோ தயாரிக்கப்பட்டவை. அத்தகைய கார் 15 வருடம் நிறையும்வரை கனடாவில் நிரந்தர இறக்குமதிக்குத் தகுதி பெறாது. தற்காலிகத் தொழிலாளருக்குச் சில சலுகைகள் உண்டென்றாலும், வலப்பக்கச் சுக்கான் வைத்த காருக்குப் போகவும் வரவும் கப்பல் கூலி கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதற்காக விசா வருமுன்னே அவசரப்பட்டு விற்பதும் புத்தியன்று. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவும் கடும் வரியோடு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், விற்ற காசுக்கு அதே தரத்தில் ஒரு காரைத் திரும்ப வாங்குவது எளிதாக இராது.

விற்பவர்கள் செய்யும் பெரிய பிழை, உரிமை மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது. ‘ஓப்பின் பேப்பர்’ என்று ஊரில் சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த வழக்கத்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் உரிமையாளர் நீங்களாகவே இருப்பீர்கள். விபத்தானாலும் தண்டப்பணமானாலும் கடிதம் உவர்மலையில் இருக்கும் அம்மாவின் வாசலுக்குத்தான் வரும். லீசிங் முடியாத காராயின் முழு உரிமையாளர் நிதி நிறுவனம். அதன் சம்மதமின்றி உரிமையை மாற்ற முடியாது. உறவினரிடம் விட்டுப்போவதாயின், வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டியவை என்பதால், அவர் உங்கள் சார்பில் செயற்பட, நொத்தாரிசு முன்னிலையில் ஓர் அற்றோணித் தத்துவம் எழுதி வைப்பது உதவும். அத்துடன், உப்புவெளிக் கரையோரம் கூரையில்லாமல் நிறுத்திய காரின் அடித்தகட்டை உப்புக்காற்று சும்மா விடாது.

நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் படித்து வேலை பார்த்துவிட்டு ரொறன்ரோவுக்கு மாறுகிறார்கள். அவர்களுடைய கதை வேறு. பஃபலோவிலிருந்து பீஸ் பாலத்தைக் கடந்தால் கனடா என்பதால், வார இறுதியில் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். காரை அமெரிக்காவிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றுவது ஏற்றுமதி. குறைந்தது 72 மணித்தியாலத்துக்கு முன்னரே உரிமைப் பத்திரத்தை அமெரிக்க எல்லைச் சுங்கத்திடம் ஒப்படைத்து, மின்வழி ஏற்றுமதித் தகவலையும் பதிந்திருக்க வேண்டும். கடன் தீராத காராயின் கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. குத்தகைக்கு எடுத்த காரைக் கனேடியச் சுங்கம் உங்கள் சொந்தப் பொருளாகவே ஏற்காது, எனவே குடியேறிக்குரிய தீர்வை விலக்கு அதற்குக் கிடைக்காது.

அனுமதி தாமதமாகிறது, வருகையாளராகப் போய் அங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்கள் இங்கே குறைவில்லை. வருகையாளர் என்று சொல்லிக்கொண்டு பானை சட்டியோடும் படுக்கையோடும் வருபவர் திரும்பிப் போவார் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். கனடாவுக்குள் இருந்தபடியே எல்லைவரை போய்த் திரும்பி வேலை அனுமதி பெறும் வழியும், சில விதிவிலக்குகளைத் தவிர, 2024 டிசம்பர் 23 முதல் மூடப்பட்டுவிட்டது. இங்கிருந்து வேலைக்குப் புறப்படுபவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதையும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து அறிந்துகொள்ளக் கூடாது.

கப்பலில் போகும் சாமான் கொழும்புத் துறைமுகம் வழியாகவே போகும். அனுமதி வருமுன் அனுப்பினால், பெட்டி கனடா போய்ச் சேர்ந்தும் பொறுப்பேற்க ஆளில்லாமல் களஞ்சியக் கூலி ஏறிக்கொண்டிருக்கும். நீண்ட அனுமதியோடு குடியேறியாகப் போகிறவர், முதல் வருகையின்போதே பிஎஸ்எஃப்186 என்ற படிவத்தில் கையில் உள்ளவற்றையும் பின்னால் வரவிருப்பவற்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அன்று பட்டியலில் எழுதாத பொருளுக்குப் பின்னர் தீர்வை கேட்கப்படலாம். ‘சமையல் சாமான் ஒரு பெட்டி’ என்று எழுதுவது போதாது. மின்சாதனம் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர், மாதிரி, தொடர் இலக்கம், பெறுமதி ஆகியவை வேண்டும். தீர்வை விலக்குப் பெற, பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது, வருகைக்கு முன் பாவித்தும் இருக்க வேண்டும். போகும் வாரம் வாங்கி உறை பிரிக்காமல் கட்டிய கிரைண்டர் அந்த விலக்கில் அடங்காது. தனியொரு பொருளின் பெறுமதி 10,000 கனேடிய டொலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குத் தீர்வை உண்டு. விலக்குப் பெற்ற பொருளை 12 மாதத்துக்குள் விற்றாலோ கொடுத்தாலோ கட்டவேண்டியதைக் கட்டத்தான் வேண்டும்.

பழைய மெத்தையைச் சுத்திகரித்துப் புகையூட்டிய சான்றிதழின்றி அனுப்பக் கூடாது. மண்ணோடு கூடிய கறிவேப்பிலைக் கன்றை எண்ணியே பார்க்க வேண்டாம். நகை விடயத்தில் நம்மவர்கள் காட்டும் கூச்சம்தான் எனக்குப் புரிவதில்லை. தாலிக்கொடியையும் காப்புகளையும் உள்ளாடைகளுக்கிடையே ஒளித்துக் கொண்டுபோவதற்குப் பதிலாக, நகைக்கடைக்காரரிடம் நிறையும் பெறுமதியும் எழுதி வாங்கி, அவர் திகதியிட்டு ஒப்பமிட்ட படங்களோடு பட்டியலில் சேர்த்துவிட்டால், பின்னர் ஊருக்கு வந்து திரும்பும்போது அவை முன்னரே உங்களிடம் இருந்தவை என்று காட்ட அந்தத் தாளே உதவும். அதிகாரி முத்திரையிட்டுத் தரும் படிவப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெட்டியை விடுவிக்க அதைக் கேட்பார்கள்.