மொறிஸ் மைனரின் பின்பக்க ஸ்பிறிங் புஷ்களை மாற்றும் முறை

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மொறிஸ் மைனருக்கு, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகளையும் பின்பக்கத்தில் உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிறிங்குகளையும் வைத்தார். பின் ஸ்பிறிங்கின் முன்முனை ஒரு போல்டில் நிலையாகத் தொங்குகிறது. தகடுகள் அமிழும்போது ஸ்பிறிங் நீள்வதால், பின்முனை ஷக்கிள் எனப்படும் அசையும் இணைப்பில் மாட்டப்பட்டிருக்கிறது. இந்த இடங்களில் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பவை சிறிய றப்பர் புஷ்களே. ஒவ்வொரு புஷ்ஷும் இரண்டு பாதிகளாக வரும். ஒரு பக்கத்து ஸ்பிறிங்குக்கு முன்முனையில் இரண்டு பாதிகளும் ஷக்கிளில் நான்கும் தேவை. இலங்கையில் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியானதும் உண்டு என்பதால், பொருளைத் தேடி அதிகம் அலைய வேண்டியிராது.

முதலில் தேய்வை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கார் புறப்படும்போது பின்னால் ‘டொக்’ என்று கேட்பதும், நேரான தெருவில் பின்பகுதி தானாக ஒரு பக்கம் ஒதுங்குவதும் வழக்கமான அறிகுறிகள். ஷக்கிளுக்கும் ஸ்பிறிங் கண்ணுக்கும் (முனையில் தகடு வளைந்து உண்டாகும் துளை) இடையே ஒரு நெம்புகோலை வைத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ஷக்கிளின் ஊசி, அதாவது கண்ணுக்குள் செல்லும் தண்டு, கண்ணின் நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, றப்பர் பிதுங்கி வெடித்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். அதே வேளையில் தகடுகளில் கீறல் உண்டா என்றும், இரு பக்கமும் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரையான உயரம் சமமா என்றும் பார்த்துவிடுங்கள்.

புஷ்ஷைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. மைனருக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது. ஸ்பிறிங் தொங்கும் இடங்கள் உடலோடு ஒட்டவைத்த தகட்டுப் பெட்டிகளே, கறள் முதலில் தின்பதும் அவற்றைத்தான். பழைய ஸ்குறூ டிறைவர் ஒன்றின் முனையால் அந்தத் தகட்டை நன்றாகக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங் செய்பவரை அழைப்பதே சரி. உக்கிய இரும்பில் புதிய புஷ் பூட்டுவது பணத்துக்கும் உயிருக்கும் கேடு.

புஷ்களுடன், ஸ்பிறிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்களையும் நட்களையும் புதிதாக வாங்குங்கள், பழையவை இழுபட்டிருக்கும். புதிய றப்பரை விரலால் வளைக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், அது கடைத்தட்டில் பல ஆண்டு கிடந்தது என்று பொருள். பொலியூரித்தேன் புஷ்களும் கிடைக்கின்றன. அவை நீடித்து உழைக்கும். ஆனாலும் மைனருக்கே உரிய மென்மையான ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால் எனது தெரிவு றப்பர்தான். கழற்றுவதற்கு முதல் நாளே எல்லா நட்களிலும் கறள் இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள்.

மட்டமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, முன் சில்லுகளுக்கு இரு புறமும் கட்டை வையுங்கள். கைப்பிறேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிப்பதால், பின்பக்கத்தை உயர்த்திய பின் அதனால் பயனில்லை. சில்லு நட்களைத் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிக்கொண்டு, பின்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, ஸ்பிறிங்கின் முன்முனைக்கு முன்னாலுள்ள உறுதியான உடற்பகுதியில் இரண்டு ஸ்டாண்டுகளைக் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் புக வேண்டாம். இனி அந்த ஜக்கைப் பின் அச்சின் நடுவில் வைத்து, அச்சின் பாரத்தை மட்டும் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள். அச்சு தாங்கலின்றித் தொங்கினால் உடலிலிருந்து அதற்கு வரும் பிறேக் றப்பர்க் குழாய் இழுபடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்க ஸ்பிறிங் அச்சை இடம் பெயராமல் பிடித்திருக்கும்.

சில்லை எடுத்துவிட்டு, ஷொக் அப்சோபரின் கையிலிருந்து இறங்கும் இணைப்பை ஸ்பிறிங்குக்கு அடியிலுள்ள தட்டிலிருந்து விடுவியுங்கள். அடுத்து யு போல்ட் நட்களையும், பிறகு ஷக்கிளையும், கடைசியில் முன்முனை போல்டையும் கழற்ற வேண்டும். ஊசி இறுகிக் கிடந்தால் அதன் மரையைச் சுத்தியல் கெடுக்காதவாறு நட்டை நுனி வரை பூட்டிவிட்டுத் தட்டுங்கள். ஸ்பிறிங் எதிர்பார்ப்பதைவிடப் பாரமானது, ஆகவே இறக்கும்போது இன்னொருவர் கூட இருப்பது நல்லது.

பழைய றப்பரைக் கத்தியால் வெட்டி எடுத்து, கண்ணின் உட்புறத்தையும் ஊசிகளையும் கறள் போகத் தேய்த்துத் துடையுங்கள். ஊசியின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ஷக்கிளையும் மாற்ற வேண்டும். புதிய பாதிகளை ஒவ்வொரு புறத்திலிருந்தும் ஒன்றாக, சவர்க்கார நீரில் நனைத்து உள்ளே தள்ளுங்கள். கிறீஸோ எஞ்சின் ஒயிலோ பூசினால் றப்பர் ஊதி உக்கிவிடும்.

பூட்டும்போது முன்முனையை முதலில் மாட்டி, பின்முனையை ஷக்கிளில் கோத்து, எல்லா நட்களையும் கையால் மட்டும் திருகிவிடுங்கள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்டின் தலை, அச்சில் ஸ்பிறிங் அமரும் தாங்கியின் துளையில் சரியாக அமர்ந்ததை விரலால் தடவி உறுதிசெய்த பிறகே யு போல்ட்களைப் பூட்ட வேண்டும். அது விலகியிருந்தால் அச்சு கோணலாக நிற்கும். நான்கு நட்களையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, ஷொக் அப்சோபர் இணைப்பையும் மாட்டுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான்: ஷக்கிள் நட்களையும் முன்முனை நட்டையும் கார் அந்தரத்தில் நிற்கும்போது முழுமையாக இறுக்கவே கூடாது. இறுக்கியதும் றப்பர் ஊசியையும் கண்ணையும் கவ்விக்கொள்கிறது. அதன் பின் அது சுழல்வதில்லை, தனக்குள்ளேயே முறுகித்தான் அசைவுக்கு இடங்கொடுக்கிறது. பாரமின்றித் தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதுகூட றப்பர் முறுகியே இருக்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த முறுக்கு மேலும் கூடி, புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே மறுபக்கத்தையும் இதேபோல் முடித்துச் சில்லுகளை மாட்டிய பின், ஸ்டாண்டுகளை அச்சுக் குழாயின் இரு பக்கங்களுக்கும் மாற்றி, காரின் முழுப் பாரத்தையும் அச்சின்மீது இறக்குங்கள். பின் பம்பரை நாலைந்து தடவை அமத்தி விட்டால் ஸ்பிறிங் தன் இயல்பான உயரத்தில் அமரும். அந்த நிலையில், பட்டறைக் கையேடு தரும் அளவுக்கு எல்லாவற்றையும் இறுக்குங்கள். இரு பாதிகளுக்கும் இடையே இருந்த இடைவெளி அப்போது தானாக மூடிக்கொள்ளும்.

காரைத் தரையில் இறக்கிச் சில்லு நட்களை இறுதியாக இறுக்கிய பின், ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பிறேக்கைச் சோதியுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யு போல்ட் நட்களை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும், ஏனெனில் தகடுகளும் தாங்கியும் ஒன்றோடொன்று படியும்போது அவை சற்று இளகுவது வழக்கம்.