ஐடி பங்கு: எப்போது வாங்குவது, எத்தனை நாள் வைத்திருப்பது?

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. போன வாரம் கொழுந்து எடை போடும் இடத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார்: "அண்ணா, ஐடி பங்கெல்லாம் இறங்கிக் கிடக்குதே, இப்ப வாங்கலாமா?" நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அவருக்காகவும், முதல் தடவை வாங்கப் போகிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

உரம், பறிப்புக் கூலி, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் போக, ஐந்து வருஷம் தொடாமல் இருக்கக்கூடிய பணம் எவ்வளவு? அது மட்டும்தான் பங்குக்கு. நான் இதைச் செய்யாமல் ஆரம்பித்தேன். பாதித் தோட்டத்தைக் கவாத்து வெட்டிய வருஷம் அது. சில மாதம் அந்தப் பக்கம் கொழுந்தே கிடையாது. உரக்கடை பாக்கிக்காக, விலை விழுந்திருந்த நேரத்தில் பங்கை விற்றேன். நிறுவனம் நன்றாகத்தான் நடந்தது, அவசரம் எனக்கு. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

படி 2: டீமேட் கணக்கு

வாங்கிய பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு இது. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் போனிலேயே திறந்துவிடலாம். தரகர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று மட்டும் பாருங்கள். விலை பின்னால் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் பக்கம் போகவே வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது.

படி 3: விலை நியாயமா?

இறங்கிய பங்கெல்லாம் மலிவான பங்கு இல்லை. பங்கு விலை 1,500 ரூபாய், ஒரு பங்குக்கு வருஷ லாபம் 60 ரூபாய் என்று வையுங்கள். 1,500-ஐ 60-ஆல் வகுத்தால் 25. ஒரு ரூபாய் லாபத்துக்கு 25 ரூபாய் கொடுக்கிறீர்கள். இதுதான் பி.இ. அதே நிறுவனத்தின் கடந்த பத்து வருஷ பி.இ-யோடு இதை ஒப்பிடுங்கள்.

இது ஏன் முக்கியம்? 2000 மார்ச்சில், டெக் நிறுவனப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048-ஐத் தொட்டது. 2002 அக்டோபரில் 1,114. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் நல்ல நிறுவனம்தான், லாபமும் பெருகியது; ஆனாலும் 1999 கடைசியில் வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2016 வரை காத்திருந்தார். நல்ல நிறுவனத்தையும் தப்பான விலைக்கு வாங்க முடியும்.

படி 4: ஒரே நாளில் வாங்காதீர்கள்

அடிமட்ட விலை எந்த நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொழுந்துப் பணம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். உதாரணத்துக்கு, மூன்று மாதம், மாதம் 6,000 ரூபாய். விலை 1,500, அப்புறம் 1,200, அப்புறம் 1,000. கிடைப்பது 4, 5, 6 என மொத்தம் 15 பங்கு. சராசரி 1,200 ரூபாய். முதல் மாதமே எல்லாப் பணத்தையும் போட்டிருந்தால் 12 பங்குதான். விலை ஏறிக்கொண்டே போனால் இந்த முறையில் பங்கு குறைவாகக் கிடைக்கும், அதுவும் உண்மை. ஆரம்பிக்கிறவருக்கு அந்த இழப்பு பரவாயில்லை என்பது என் கருத்து.

படி 5: நோட்டில் எழுதுங்கள்

வாங்கும் அன்றே தேதி, விலை, ஏன் வாங்கினேன் என்று மூன்று வரி. நம் ஐடி நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு வருமானம் அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து. அங்கே வங்கிகள் செலவைக் குறைத்தால் இங்கே ஆர்டர் குறையும். அதனால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் காலாண்டு முடிவு வரும்போது டாலர் வருமான வளர்ச்சி, லாப விகிதம், புதிய ஒப்பந்தங்கள், இந்த மூன்றையும் அந்த நோட்டிலேயே குறித்து வாருங்கள். எழுதிய காரணம் நிற்கிறதா, வைத்திருங்கள். விலை மட்டும் சரிந்தால் அது விற்கக் காரணமில்லை. காரணமே போய்விட்டதா, நஷ்டமானாலும் விற்றுவிடுங்கள்.

விற்பதற்கு முன் வரியைப் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல், ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஒரு வருஷம் தாண்டினால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். பதினோராவது மாதத்தில் விற்க நினைத்தால், நோட்டில் வாங்கிய தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.