ஊருக்கு உயிர் கொடுக்கும் ஓரத்து ஆட்கள்: ஆர்.பி.ஜி. மேக்கரில் படிப்படியாக

கணினி விளையாட்டுக்காக நான் செய்த முதல் ஊரில் 23 பேர் இருந்தார்கள். 23 பேரும் தெருவில் நின்றார்கள். கதாநாயகன் பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்தார்கள். "வடக்கே ஒரு குகை இருக்கிறது." "குகையில் பூதம் இருக்கிறது." "பூதத்துக்கு நெருப்பு ஆகாது."

அக்கா பையனிடம் விளையாடக் கொடுத்தேன். நாலு பேரிடம் பேசினான். அதற்கப்புறம் ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் குகைக்குப் போய்விட்டான். ஏன்டா என்று கேட்டால், "எல்லாரும் போர்டு மாதிரி நிக்கிறாங்க சித்தி" என்றான்.

அவன் சொன்னது சரி. பேச்சுப்பெட்டி வைத்த வழிகாட்டிப் பலகைகளைத்தான் நான் நட்டு வைத்திருந்தேன். நாம் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தபோது, ஆறே பேரை வைத்து ஊர் ஊராகிவிட்டது. எப்படிச் செய்தேன், எங்கே முட்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பயன்படுத்துவது 2020இல் வந்த ஆர்.பி.ஜி. மேக்கர் எம்.இசட் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருள். கோடோ என்ற இன்னொரு மென்பொருள் இலவசம், நல்லதும்கூட. ஆனால் அதில் பேச்சுப்பெட்டி செய்து முடிப்பதற்குள் ஊர்க்காரர்கள் மேல் இருந்த ஆசையே எனக்கு வடிந்துவிட்டது. மேப் வரைவது, ஈவென்ட் (மேப்பில் நிற்கும் ஆளோ பொருளோ) வைப்பது, ஸ்விட்சுக்கும் வேரியபிளுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆளைக் குறையுங்கள்

இருபது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். ஒரு தாளில் ஆளுக்கு மூன்று வரி எழுதுங்கள்: என்ன வேலை, யாரோடு உறவு அல்லது உரசல், இன்றைக்கு என்ன புலம்பல். கணினியைத் திறக்காதீர்கள். நோட்டும் பென்சிலும்தான் இதற்குச் சரியான கருவி. எக்செல்லில் போட்டால் கட்டங்களை நிரப்பும் ஆசை வந்துவிடும், மறுபடி 23 பேர் ஆகிவிடுவார்கள்.

என் ஊர் ஓர் ஆற்றங்கரை. பரிசல்காரர், டீக்கடைக்காரர், பூக்கட்டும் அக்கா, பள்ளிக்குப் போகாமல் சுற்றும் ஒரு பையன், மளிகைக்கடைப் பெரியவர், அவர் மருமகள். இவர்களில் பரிசல்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் தீராத வாக்குவாதம். இந்த விளக்கம் முழுக்க அந்த இரண்டு பேரை வைத்தே போகிறேன்.

உறவு என்ற இரண்டாவது வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு வந்த, அதே மூன்று நாள் திரும்பத் திரும்ப வரும் செல்டா விளையாட்டான மஜோராஸ் மாஸ்க்கில், முதல் நாள் நள்ளிரவில் வெடிக்கடைப் பாட்டியிடம் ஒரு திருடன் பையைப் பறித்துக்கொண்டு ஓடுவான். தடுத்தால் பை பாட்டியின் கடைக்கே விற்பனைக்கு வரும். விட்டுவிட்டால் அதே பை இரவுக்கடை ஒன்றில் விற்பனைக்கு இருக்கும். ஆனால் பாட்டியைக் காப்பாற்றிவிட்டால், அந்தத் திருடனைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொருவனின் கதை அந்த மூன்று நாள் சுற்றில் நிறைவேறாது. ஒரு பை, மூன்று நான்கு வாழ்க்கை. ஊரே ஒரு வலையாகப் பின்னியிருப்பது அந்த ஒரு பறிப்பில் தெரிந்துவிடும்.

படி 2: பொழுது என்று ஒரு வேரியபிள்

"பொழுது" என்று ஒரு வேரியபிள் வையுங்கள். 0 காலை, 1 உச்சி, 2 மாலை, 3 இரவு. "நாள்" என்று இன்னொன்று. ஒரு காமன் ஈவென்டில் (எந்த மேப்பிலிருந்தும் அழைக்கக்கூடிய பொதுக் கட்டளைத் தொகுப்பு) பொழுதுடன் 1 கூட்டுங்கள். 4 ஆகிவிட்டால் அதை 0 ஆக்கி, நாளுடன் 1 கூட்டுங்கள். அவ்வளவுதான்.

பலர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் பேரலல் ஈவென்ட் வைத்து உண்மைக் கடிகாரம் போல ஓடவிடுவார்கள். எனக்குப் பிடிக்காது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுத்தெருவில் ஒருவர் காற்றில் கரைந்து போவார். நான் சத்திரத்தில் தூங்கினால், முக்கியமான வேலை முடிந்தால், ஆற்றைக் கடந்து திரும்பினால் மட்டும் அந்தக் காமன் ஈவென்டை அழைக்கிறேன். வேறு மேப்பில் இருக்கும்போது பொழுது மாறினால் யார் கண்ணிலும் படாது.

ஊர்க்காரர்களுக்கு அன்றாட அட்டவணை போடுவது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1988இல் வந்த அல்டிமா 5 என்ற விளையாட்டிலேயே ஊர் மக்கள் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், கடைக்குப் போனார்கள். நம்மிடம் இருக்கும் கணினிக்கு இது ஒரு பாரமே இல்லை.

படி 3: பேஜ்கள் (இங்கேதான் இரண்டு ராத்திரி போச்சு)

ஒரு ஈவென்டில் பல பேஜ் வைக்கலாம், ஒவ்வொன்றும் ஆளின் ஒரு நிலை. எந்த பேஜ் வேலை செய்யும்? நிபந்தனை பொருந்தும் பேஜ்களில் எண் பெரியது எதுவோ அது. வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகத் தேடிக்கொண்டு வரும், முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வேரியபிள் நிபந்தனையில் "இதற்குச் சமம் அல்லது மேல்" என்பது மட்டும்தான் உண்டு. "சமம்" மட்டும் என்று கேட்க முடியாது.

இரண்டையும் சேர்த்தால் வரிசை தானாக வந்துவிடும். முதல் பேஜ் நிபந்தனை இல்லாமல் காலை. இரண்டாவது, பொழுது 1 அல்லது மேல். மூன்றாவது, 2 அல்லது மேல். நான்காவது, 3 அல்லது மேல்.

இதுவரைக்கும் எனக்கும் சரியாகத்தான் வந்தது. அப்புறம் டீக்கடைக்காரர் முதல் சந்திப்பில் ஒரு தடவை மட்டும் "புது ஆளா? உட்காருங்க" என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேசி முடித்ததும் செல்ஃப் ஸ்விட்ச் ஏ (அந்த ஈவென்டின் சொந்த ஸ்விட்ச்) போடச் சொன்னேன். "ஏற்கெனவே பேசியாச்சு" என்பதற்காக ஐந்தாவது பேஜ் ஒன்று சேர்த்து, அதற்கு ஏ நிபந்தனையும் வைத்தேன். சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. பேசாமல் தூங்கப் போனேன்.

மறுநாள் பார்த்தால் மனிதர் காலை, மாலை, நடு ராத்திரி எல்லா நேரமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு அதே கல்லாவில் நிற்கிறார். பொழுது வேரியபிளைத் திருப்பித் திருப்பிச் சோதித்தேன், சரியாக மாறிக்கொண்டுதான் இருந்தது. கோளாறு எங்கே? ஒரு தடவை விழுந்த ஏ ஸ்விட்ச் அப்படியே இருக்கும். அந்தப் பேஜ் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எப்போதும் அதுதான் ஜெயிக்கும், மற்ற நாலு பேஜையும் யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

தீர்வு: பேஜ்களைப் பொழுதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "முதல் தடவையா?" என்ற கேள்வியை ஒவ்வொரு பேஜுக்கும் உள்ளே கண்டிஷனல் பிராஞ்சில் ("இப்படி என்றால் இதைச் செய்" என்ற கட்டளை) கேளுங்கள். பேஜ் என்பது அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கு, பிராஞ்ச் என்பது அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்பதற்கு. இரண்டையும் கலந்தால் என்னைப் போல ராத்திரி கண்விழிக்க வேண்டியதுதான்.

படி 4: இடம் மாற்றுவது

பரிசல்காரர் காலையில் துறையில் இருக்க வேண்டும், மாலையில் டீக்கடை பெஞ்சில். பேஜ் மாறினால் ஆள் இடம் மாறமாட்டார். உருவமும் நடையும் பேச்சும் மட்டுமே மாறும். செட் ஈவென்ட் லொகேஷன் கட்டளையால் நகர்த்தலாம்தான். ஆனால் வேறு மேப்புக்குப் போய்த் திரும்பினால் அவர் பழைய இடத்துக்கே போயிருப்பார், மறுபடி நகர்த்த வேண்டும்.

நான் ஒரே ஆளுக்கு இரண்டு ஈவென்ட் வைக்கிறேன். துறையில் ஒன்று: முதல் பேஜில் ஆள், பொழுது 1 வந்ததும் இரண்டாவது பேஜ் காலி. பெஞ்சில் ஒன்று: முதல் பேஜுக்கே பொழுது 2 என்று நிபந்தனை, 3 வந்ததும் காலி பேஜ். நிபந்தனை எதுவுமே பொருந்தாதபோது அந்த ஈவென்ட் இல்லாதது போலவே இருக்கும்.

சேர்ப்பு: இதைப் படித்துச் செய்த ஒருவர், "ராத்திரியில் பெஞ்சுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை, ஆனால் நடக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். காலி பேஜை முந்தைய பேஜிலிருந்து நகலெடுத்து, உருவத்தை மட்டும் நீக்கியிருப்பார். பிரையாரிட்டி "சேம் ஆஸ் கேரக்டர்ஸ்" என்றே இருந்தால் உருவம் இல்லாவிட்டாலும் வழியை மறிக்கும். அதை "பிலோ கேரக்டர்ஸ்" ஆக்குங்கள்.

இன்னொரு சேர்ப்பு: செல்ஃப் ஸ்விட்ச் அந்தந்த ஈவென்டுக்கு மட்டுமே சொந்தம். துறையில் பேசியது பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது. காலையில் அரை மணி நேரம் பேசிய மனிதர் சாயங்காலம் "யாருங்க நீங்க?" என்பார். இரண்டு ஈவென்டுக்கும் பொதுவான ஞாபகம் என்றால் சாதாரண ஸ்விட்சில் வையுங்கள், அதற்குப் பெயரும் வையுங்கள். "பரிசல்_அறிமுகம்" என்று எழுதினால் போதும்.

படி 5: நடை

ஆட்டோனமஸ் மூவ்மென்டில் "ரேண்டம்" என்பதைத் தொடாதீர்கள். போதையில் தடுமாறுவது போல இருக்கும். போதாததற்கு ஒற்றைக் கட்டம் அகலமுள்ள சந்தில் போய் நின்றுகொண்டு நம்மை வெளியே விடமாட்டார்கள். கோழிக்கு வேண்டுமானால் ரேண்டம் வைக்கலாம்.

மனிதர்களுக்கு கஸ்டம் ரூட். பூக்கட்டும் அக்கா மூன்று கட்டம் நடந்து குழாயடிக்குப் போவார், கொஞ்சம் நிற்பார், திரும்பி வருவார். ரிப்பீட் போடுங்கள். நிற்கும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். நடையைவிட நிற்பதில்தான் ஆள் ஆளாகத் தெரிகிறார்.

"ஸ்கிப் இஃப் கெனாட் மூவ்" என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தால் நாம் மறிக்கும்போது அந்த ஓர் அடியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் ஓர் அடி குறைந்தால் பாதை முழுவதும் ஒரு கட்டம் தள்ளிப் போகும். நாலு தடவை மறித்தால் அக்கா குழாயை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். டிக் செய்யாதீர்கள். நாம் விலகும்வரை எதிரே காத்து நிற்பார். அது குறையாகத் தெரியாது, "தள்ளிப்போப்பா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிற்பது போலவே இருக்கும்.

கதவுக்கு நேர் எதிரே மட்டும் யார் பாதையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பேச்சு

முதலில் நான் எழுதியது:

பரிசல்காரர்: "வெள்ளம் வரப்போகிறது. அக்கரைக்குச் சீக்கிரம் போங்கள்."

இப்போது இருப்பது:

காலை, துறையில் பரிசல்காரர்: "ராத்திரிக்குள்ள ஒரு சாண் ஏறியிருக்கு தம்பி. டீக்கடைக்காரர்கிட்ட சொன்னா சிரிக்கிறார்."

உச்சியில், கல்லாவில் டீக்கடைக்காரர்: "ஒரு சாணாம்! அவர் கோல் சுருங்கிப்போச்சோ என்னவோ."

மாலை, இருவரும் பெஞ்சில். யாரிடம் பேசினாலும் ஒரே பதில்: "..."

வெள்ளம் வந்து போன மறுநாள், டீக்கடைக்காரர்: "அவர் சொன்னப்பவே பெஞ்சைத் தூக்கி உள்ள போட்டிருக்கணும்."

ஆறு ஏறுகிறது என்ற செய்தி முழுசாக வந்துவிட்டது. ஆனால் யாரும் அதைக் கதாநாயகனுக்காகச் சொல்லவில்லை. மாலையில் வரும் அந்த மூன்று புள்ளிகளுக்காகத்தான் அக்கா பையன் அடுத்த தடவை டீக்கடைக்குத் திரும்பிப் போனான். "ரெண்டு பேரும் சண்டையா சித்தி?"

கதை நகரும்போதெல்லாம் ஊர்க்காரர் பேச்சும் மாற வேண்டும் என்பதை ட்ரெய்ல்ஸ் இன் த ஸ்கை (2004) என்ற விளையாட்டு பிடிவாதமாகச் செய்திருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் தெருவில் இருப்பவர்களிடம் போய்ப் பேசினால் அவரவர் வீட்டுக் கதை ஓர் அடி முன்னால் போயிருக்கும். அத்தனை எழுத நமக்குப் பொழுது கிடையாது. ஆறு பேர் என்று படி 1இல் நிறுத்தியது இதற்காகத்தான். ஆறு பேர், நாலு பொழுது, மூன்று நாள் என்றாலே 72 பேச்சு. எனக்கு அதற்கே ஒரு மாதம் ஆயிற்று.

படி 7: தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

இது வேறு யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பேச்சுப்பெட்டியில் தமிழ் போட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு வரும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. தப்பு எழுத்துருவில் இல்லை. தட்டச்சு செய்வது போல் காட்டுவதற்காக எம்.இசட் ஒவ்வொரு குறியையும் தனியாக வரைகிறது. "கொ" என்பதில் "க" முதலில் வந்துவிடும், அடுத்த குறி ஒட்ட இடமில்லாமல் தனியாக நிற்கும்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \> என்று போடுங்கள். அந்த வரி முழுவதும் ஒரே வீச்சில் வரையப்படும், எழுத்து ஒட்டிக்கொள்ளும். தட்டச்சு அழகு போய்விடும், போகட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை ஃபான்ட்ஸ் அடைவில் போட்டு, டேட்டாபேஸில் சிஸ்டம் 2 பக்கத்தில் அதன் கோப்புப் பெயரைக் கொடுங்கள்.

சேர்ப்பு: பழைய எம்.வி. பதிப்பில் இது பலிக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பலிக்காது. அதில் \> போட்டாலும் உள்ளே ஒவ்வொரு குறியாகத்தான் வரைகிறது. பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதத் தெரிந்தால் சரி செய்யலாம். இல்லாவிட்டால் அந்த 72 பேச்சையும் படமாகச் செய்து ஒட்ட வேண்டும், அந்த வேலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.