மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு மறதி: வீட்டில் பழக்கும் முறை

மூளைக்காய்ச்சலிலிருந்து, அதாவது மூளை அழற்சியிலிருந்து, பிழைத்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, “நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்பதுதான். அன்பில் கேட்பதுதான், ஆனாலும் அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

ஹெர்பிஸ் வைரஸால் வரும் அழற்சி பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலையும், அதனுள் இருக்கும் ஹிப்போகாம்பஸையும் தாக்கும். புதிதாக நடப்பதைப் பதிய வைப்பது அந்த இடம். அதனால் பழைய சங்கதி ஓரளவு நிற்கும், காலையில் சாப்பிட்ட இட்லி நிற்காது. கைப்பழக்கம் மூளையில் வேறு பகுதிகளின் வேலை. 1985-ல் இந்த நோய் கண்ட ஆங்கிலேய இசைக்கலைஞர் கிளைவ் வேரிங், சில நொடிகளுக்கு மேல் எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர். பியானோ வாசிப்பது மட்டும் போகவில்லை. சென்னை காசிமேட்டில் வலை பின்னியவர் மதியம் சாப்பிட்டதையே மறக்கலாம். வலையையும் ஊசியையும் கையில் கொடுத்துப் பாருங்கள், கண்ணி சரியாக விழும். பழக்கும்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

கடும் மறதி உள்ளவர்களை ஊகித்துச் சொல்லச் சொன்னால், தப்பாகச் சொன்னதே பதிந்துவிடுகிறது, திருத்தியது பதிவதில்லை என்று 1994-ல் உளவியல் ஆய்வாளர்கள் பேட்லியும் வில்சனும் காட்டினார்கள். ஆகவே, “நைனா, நான் உங்க ரெண்டாவது பொண்ணு” என்று நீங்களே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரு விஷயத்தைப் பதிய வைக்க இடைவெளி முறை நன்றாக உதவும். “மாத்திரை டப்பா டிவிக்குக் கீழே இருக்கு” என்று சொல்லி, உடனே “டப்பா எங்கே?” என்று கேளுங்கள். விடை நாக்கு நுனியில் இருக்கும்போதே கேட்பதால் ஊகத்துக்கு இடமில்லை. அடுத்து 30 நொடி கழித்து, பிறகு 1 நிமிடம், 2, 4, 8 என்று கூட்டுங்கள். நடுவில் வேறு பேச்சு பேசுங்கள். தடுமாறினால் யோசிக்க விடாமல் விடையைச் சொல்லி, அவரையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். பெரும்பாலும் கெட்டுப்போவது ஆசையில்தான்: ஒரே நாளில் ஐந்து விஷயம் சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

தேதி கிழிக்கும் காலண்டர் நல்ல துணை, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கிழித்ததை மறந்து இன்னொரு தாளையும் கிழித்துவிடுவார், அன்று முழுக்க நாள் தப்பாகவே ஓடும். காலையில் பால் பாக்கெட் எடுத்ததும் வீட்டில் ஒருவர் மட்டும் கிழித்து, அந்தத் தாளை நாட்குறிப்பு நோட்டில் நேற்றைய பக்கத்தில் ஒட்டுங்கள். நோட்டு ஒன்றே ஒன்றுதான், கயிற்றில் கட்டி ஒரே ஆணியில் தொங்கட்டும். சாப்பிட்டது, வந்து போனவர், மாத்திரை எல்லாவற்றையும் நடந்தவுடனே அவர் கையாலேயே எழுத வேண்டும். ராத்திரி சேர்த்து எழுதினால் இல்லாததும் சேர்ந்துவிடும்.

போன் அலாரத்தில் உங்கள் குரலையே பதிந்து வையுங்கள்: “மாத்திரை போடுங்க, போட்ட பிறகு அலாரத்தை அணைங்க.” போடும் முன்பே அணைத்துவிட்டால் அந்த நொடியே மறந்துபோகும். வலிப்பு மாத்திரை தவறினால் வலிப்பு திரும்பலாம். அதனால் கிழமை போட்ட டப்பாவின் அறையைத் தினமும் நீங்களும் திறந்து பாருங்கள்.

தொண்டையார்பேட்டை, வியாசர்பாடி வீட்டுவசதி குடியிருப்புகளில் பிளாக்குகள் ஒரே மாதிரி தெரியும். தனியாக அனுப்புவதற்கு முன் கூடவே நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே அடையாளத்தைத் தொட்டுக் காட்டுங்கள். சட்டைப் பையில் முகவரியும் இரண்டு போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

“காலையில ஹார்பருக்குப் போனேன்” என்று போகாததைச் சொன்னால் அது பொய் இல்லை. விட்டுப்போன இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. வாதாடாமல் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

ஹெர்பிஸ் அழற்சி ஆறிய பிறகு, பெரும்பாலும் 3 மாதத்துக்குள், சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கத் தொடங்கும். திடீரென்று மறதி கூடினாலோ, குணம் மாறினாலோ, தூக்கம் கெட்டாலோ, முகமோ கையோ தானாக அசைந்தாலோ, “பழைய வியாதியின் மிச்சம்” என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எம்ஆர்ஐ படத்தையும் எடுத்துக்கொண்டு, ஸ்டான்லி போல நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே போங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள், எந்த நாளில் மாற்றம் தொடங்கியது என்பது அதில் இருக்கும்.