ரப்பர் கைச் சோதனையை வகுப்பறையில் செய்வது எப்படி?

எது தன் உடல் என்பதை மூளை ஒருமுறை தெரிந்துகொண்டு விட்டுவிடுவதில்லை. கண், தோல், மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை ஓயாமல் ஒப்பிட்டே முடிவு செய்கிறது. பாட்வினிக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ரப்பர் கைச் சோதனை இதைக் கண்ணெதிரே காட்டும்: மறைத்துவைத்த உண்மைக் கையையும் கண்முன் உள்ள பொய்க் கையையும் ஒரே நேரத்தில் தடவினால், பொய்க் கையே தன் கை என்ற உணர்வு வந்துவிடும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ எந்தப் பள்ளி வகுப்பறையிலும் இதைச் செய்யலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறையில் பஞ்சை அடைத்து, விரல்கள் தனித்தனியே நிற்குமாறு இடக் கை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஒரே அளவில் இரண்டு பெயின்ட் பிரஷ்களும், மறைப்புக்கு ஓர் அட்டைப்பெட்டியும், ஒரு துண்டும் போதும். மாணவரின் இடக் கையை அட்டைக்குப் பின்னால் மேசைமீது வையுங்கள். பொய்க் கையை அதற்கு இணையாக, சுமார் 15 செ.மீ. தள்ளி, அவர் கண்ணில் படும்படி வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை துண்டால் மூடுங்கள். இடைவெளி 30 செ.மீ.க்கு மேல் போனாலும், பொய்க் கையின் விரல்கள் மாணவரை நோக்கித் திரும்பியிருந்தாலும் அந்த உணர்வு குன்றிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மறைந்திருக்கும் கையில் மட்டும் காற்று பட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு செய்தி இடையில் புகுந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த தோலில் பிரஷ் ஒட்டி இழுக்கும் என்பதால், முதலில் கையைத் துடைத்துவிடுவது அவசியம்.

தொடங்கும் முன், கண்ணை மூடி, இடக் கை இருக்கும் இடத்தை மேசைக்கு அடியில் வலக் கையால் சுட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். இனி வருவதுதான் உயிர்நாடி. ஒரு பிரஷ் மறைந்த கையிலும் மற்றொன்று பொய்க் கையிலும், ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் ஒரே நொடியில் பட்டு, ஒரே வேகத்தில் நுனி வரை செல்ல வேண்டும். தடவல்களுக்கு இடையே உள்ள நேரத்தை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே இருங்கள். அப்படியிருந்தும் கண்டதும் உணர்ந்ததும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வந்தால், இரண்டும் ஒரே தொடுதல்தான் என்று மூளை முடிவு கட்டுகிறது. சுமார் 300 மில்லிநொடி பிசகினாலே அந்த முடிவு தளரத் தொடங்கும்.

தோலின் செய்தி தண்டுவடம், மூளையின் நடுவே செய்திகளைக் கடத்தும் தலாமஸ் ஆகியவற்றின் வழியாக, எதிர்ப்பக்க மூளையில் தொடு உணர்வைப் பெறும் மேற்பரப்பான தொடுபுலப் புறணியை அடைகிறது. தொட்டது எந்த விரலை என்பது அங்கே பதிவாகிறது. ஆனால் அந்தக் கை யாருடையது என்பதற்கு அப்பதிவு மட்டும் போதாது. மூளையின் மேல்-பின் பகுதியான உச்சி மடலின் உட்பள்ளத்திலும், அசைவுகளைத் திட்டமிடும் முன்னியக்கப் புறணியிலும், கைக்கு அருகே காண்பதையும் கைமீது உணர்வதையும் சேர்த்தே பெறும் நரம்பணுக்கள் உள்ளன. எர்சன் குழுவினர் 2004-இல் செய்த மூளைப் படப் பதிவில், பொய்க் கை தன்னுடையது என்ற உணர்வு வலுத்தவர்களிடம் முன்னியக்கப் புறணியின் செயல்பாடும் வலுத்திருந்தது.

நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், ஆய்வாளர் ஆர்மெலுடன் சேர்ந்து 2003-இல் காட்டியது இன்னும் வியப்பானது: பொய்க் கையின் விரலைப் பின்னால் வளைத்தபோது பார்த்திருந்தவரின் தோல் மின்கடத்தல் (பதற்றத்தில் லேசாக வியர்க்கும்போது கூடும் அளவு) உயர்ந்தது. இதைக் காட்டுவதாகச் சொல்லி, சிறுவர்களுக்கு முன்னறிவிப்பின்றிப் பொய்க் கைமீது சுத்தியலை ஓங்குவது சரியல்ல.

சில நிமிடங்கள் தடவிய பின் கண்ணை மூடச் சொல்லி, இடக் கை இருக்கும் இடத்தை முன்போலவே வலக் கையால் சுட்டச் சொல்லுங்கள்; தடவுவதற்கு முன் சுட்டிய இடத்தைவிட அது பெரும்பாலும் பொய்க் கையின் பக்கம் நகர்ந்திருக்கும். அதே மாணவரிடம் ஒரு பிரஷ்ஷை அரை நொடி பிந்தவிட்டு மீண்டும் செய்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள். “இது உன் கை போல இருந்ததா?” என்பதையும் தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இட நகர்வும் உரிமை உணர்வும் எல்லா நேரமும் ஒன்றாக வருவதில்லை.