குறும்பயண கியர் லீவரை நாமே பொருத்துவது எப்படி

கை குறைந்த தூரம் நகர்ந்தாலே கியர் மாறும்படி செய்யப்பட்டதுதான் குறும்பயண லீவர். கியர் லீவர் ஒரு நெம்புகோல் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இந்த வேலையில் பாதி புரிந்துவிடும். லீவரின் நடுவில் உள்ள பந்துதான் அதன் ஆதாரப்புள்ளி. பந்துக்கு மேலே உள்ள பகுதியை நம் கை தள்ளுகிறது. கீழே உள்ள முனை கியர்பாக்ஸின் தேர்வுத் தண்டை நகர்த்துகிறது. மேல் பகுதி 200 மி.மீ., கீழ்ப் பகுதி 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனை 10 மி.மீ. நகர வேண்டுமானால் கைக்குமிழ் 50 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப் பகுதியை 50 மி.மீ. ஆக நீட்டிவிட்டால், அதே வேலைக்குக் குமிழ் 40 மி.மீ. நகர்ந்தால் போதும். பயணம் 20 சதவீதம் குறைந்தது. அதற்கு ஈடாக, கை தர வேண்டிய விசை 25 சதவீதம் கூடியது. சந்தையில் விற்கும் குறும்பயண லீவர்கள், அதாவது ஷார்ட் ஷிஃப்டர்கள், பெரும்பாலும் இந்த ஒரே கணக்கில்தான் இயங்குகின்றன. சில கீழ்ப் பகுதியை நீட்டுகின்றன, சில ஆதாரப்புள்ளியை மேலே ஏற்றுகின்றன, சில இரண்டையும் செய்கின்றன.

எனவே பெட்டியின் மேல் 40 சதவீதக் குறைப்பு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், மேல் பகுதியின் நீளம் மாறாதபோது விசை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடும் என்றும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் ஓட்டும் காருக்கு 20 முதல் 30 சதவீதக் குறைப்பே போதும் என்பது என் கருத்து. இன்னொன்று: லீவர் தொளதொளவென்று ஆடுவதுதான் உங்கள் குறை என்றால், அதற்குக் காரணம் லீவரின் நீளமாக இராது, தேய்ந்துபோன புஷ்களாகத்தான், அதாவது லீவரின் இணைப்புகளில் செருகியிருக்கும் சிறு உறைகளாகத்தான் இருக்கும். புதிய புஷ்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஷிஃப்டர் வாங்கலாம்.

வாங்கும் முன், உங்கள் காரின் லீவர் கியர்பாக்ஸோடு எப்படி இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் மேலேயே அமர்ந்திருப்பதால், முழு வேலையையும் காருக்குள் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். பிஎம்டபிள்யூ இ36, இ46 போன்றவற்றில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் ஒரு தேர்வுக் கம்பி ஓடுகிறது. அதைக் கழற்றக் காருக்கு அடியில் போக வேண்டும், பல நேரங்களில் புகைக்குழாயையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் இறக்க வேண்டும். எஞ்சின் குறுக்கே பொருத்தப்பட்ட கார்களில் பெரும்பாலும் இரண்டு கேபிள்கள்தான் கியரை மாற்றுகின்றன. அவற்றுக்கான ஷிஃப்டர் லீவர் பெட்டியிலோ கியர்பாக்ஸின் மேல் உள்ள கைநெம்பிலோ மாற்றம் செய்யும். இனி நான் சொல்லும் படிகள் முதல் வகைக்கு உரியவை. மற்ற வகைகளுக்கான வேறுபாடுகளை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினையும் புகைக்குழாயையும் நன்றாக ஆறவிடுங்கள். கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஏனென்றால் கியர் நியூட்ரலில் இருக்கப்போகிறது. அடியில் போக வேண்டிய காராக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே நுழையாதீர்கள். ஸ்டாண்டுகளை உற்பத்தியாளர் குறித்த இடங்களில் நிறுத்தி, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே படுங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதனால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். ஏர்பேக்குக்கு உரிய மஞ்சள் நிற இணைப்பிகளில் கை வைக்க வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை.

குமிழ் பெரும்பாலும் இடப்புறம் சுழற்றினால் கழன்றுவிடும். சில கார்களில் அது திருகு இல்லாமல் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். நேர் மேலே இழுத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது முகத்தை லீவருக்கு நேராக வைத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று விடுபடும் குமிழ் மூக்கில் எவ்வளவு வேகமாக மோதும் என்பதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். தோல் உறையையும் கன்சோலையும் கழற்றும்போது, திருகுகளை எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வைத்தால் பின்னால் தேடும் வேலை மிச்சம்.

அதற்கு அடியில் பூட் எனப்படும் தடித்த ரப்பர் உறை ஒன்று தெரியும். அதைக் கழற்றினால் அடுத்து சிறிய பூட் ஒன்றும், லீவரைப் பிடித்திருக்கும் தகடும் போல்ட்களும் தெரியும். சில வகைகளில் போல்ட்டுக்குப் பதில் சர்க்ளிப், அதாவது பள்ளத்தில் அமரும் வளையக் கிளிப் இருக்கும். இவற்றைக் கழற்றும் முன், சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் உறிஞ்சி எடுத்து, துணியால் துடைத்துவிடுங்கள். லீவரை வெளியே எடுத்த நொடியிலேயே திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூட வேண்டும். ஒரே ஒரு வாஷர் உள்ளே விழுந்துவிட்டால் அரை நாள் வேலை, கியர்பாக்ஸை இறக்கும் வேலையாகிவிடும்.

வெளியே வந்த பழைய லீவரையும் புதியதையும் ஒரு துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். இரண்டின் பந்துகளையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்தால் எவ்வளவு நீளம் கீழே கூடியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பந்தின் விட்டமும் கீழ் முனையின் தடிமனும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று அளந்து பாருங்கள். பழைய லீவரின் கீழ் முனையில் தொப்பி போலச் செருகியிருக்கும் நைலான் புஷ்ஷைக் கவனியுங்கள்: அது லீவரோடு வராமல் கியர்பாக்ஸுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அல்லது பழுப்பேறித் துண்டுகளாக உடைந்திருக்கலாம். உடைந்திருந்தால் துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து, சேர்த்து வைத்து, முழுதாகிறதா என்று பாருங்கள். புதிய ஷிஃப்டரோடு புஷ் வராவிட்டால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த புஷ்ஷின் மேல் புதிய லீவரைப் பொருத்துவது வீண்.

எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் வந்த ஐந்து கியர் பெட்டியில், லீவர் நிற்கும் கோபுரத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். அது கறுத்துச் சகதியாகியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் வகையையும் அளவையும் பார்த்துப் புதிதாக ஊற்றுங்கள். கையேடு ஜிஎல்-4 என்ற எண்ணெய்த் தரத்தைச் சொன்னால், உயர்ந்தது என்று நினைத்து ஜிஎல்-5 எண்ணெயை ஊற்ற வேண்டாம். அதில் உள்ள சேர்மங்கள் சில பெட்டிகளில் கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இனிப் பொருத்துவது எளிது. பந்துக்கும் கீழ் முனைக்கும் நைலானுக்கு ஏற்ற கிரீஸை மெல்லியதாகத் தடவி, புதிய புஷ்ஷை அமர்த்தி, லீவரை நேராக இறக்குங்கள். சரியான இடத்தில் அமர்ந்தவுடன் லீவர் தானாகவே நடுவில் நிற்கும். முன்பின் மாற்றிப் பொருத்தக்கூடிய வடிவமாக இருந்தால், வளைவு ஓட்டுநரை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்களை முதலில் கையால் மரையில் ஏற்றி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு, ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கியர்பாக்ஸின் உறை அலுமினியம். எஃகு போல்ட்டை மூர்க்கமாக முறுக்கினால் மரைதான் போகும்.

பூட்களை மாட்டுவதற்கு முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும். எஞ்சினை இயக்காமல், கிளட்ச்சை மிதித்துக்கொண்டு எல்லா கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பற்கள் நேருக்கு நேர் நின்று ஒரு கியர் விழ மறுப்பது இயல்பு. கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்து மறுபடி போட்டால் விழும். ஒவ்வொரு கியரின் முடிவிலும் லீவர் எதன் மேல் மோதி நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. கியர்பாக்ஸுக்குள் உள்ள தடுப்பில் நின்றால் சரி. கன்சோலின் விளிம்பிலோ, தகட்டின் ஓரத்திலோ இடித்து நின்றால், கியர் முழுதாக விழாமல் ஓட்டத்தில் வெளியே துள்ளும். தேர்வுக் கம்பி உள்ள கார்களில் நீண்டுவிட்ட கீழ் முனை, சுழலும் புரொப்பெல்லர் தண்டுக்கோ வெப்பத் தகட்டுக்கோ அருகில் போகிறதா என்று அடியிலிருந்து, ஒவ்வொரு கியரிலும், விளக்கடித்துப் பார்ப்பது கட்டாயம். ரிவர்ஸைத் தடுக்கும் பூட்டு முன்போலவே வேலை செய்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

ரப்பர் பூட்களில் சிறு கிழிசல் இருந்தாலும் புதியது போடுங்கள். முதல்முறை நான் இதைச் செய்தபோது உள் ரப்பர் பூட்டின் உதடு ஒரு பக்கம் மடிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு மணி நேர ஓட்டத்தில் கன்சோல் சுட்டது, கியர்பாக்ஸின் முனகல் காதில் ஒலித்தது, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. அந்த உதட்டைச் சுற்றி விரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் பத்து நொடிகூட ஆகாது. பூட் சரியாக இருந்தும் லேசான அதிர்வு கைக்கு வருகிறது என்றால், ரப்பர் தடுப்புக்குப் பதிலாக உலோகப் புஷ் உள்ள ஷிஃப்டரை வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மாற்று இல்லை, எடைகூடிய குமிழ் ஓரளவு அடக்கும்.

கன்சோலைப் பூட்டி, பேட்டரியை இணைத்து, முதல் ஓட்டத்தை ஆளில்லாத இடத்தில் வையுங்கள். பற்கள் உராயும் சத்தம் இரண்டாம் கியரில் கேட்டால் அது புதிய லீவரின் குற்றமாக இருப்பது அரிது. தேய்ந்த சிங்க்ரோவின் மேல் நம் கை முன்பைவிட அவசரமாகத் தள்ளுகிறது. கியர்களின் இடைவெளி குறுகிவிட்டதால், மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்த கை இரண்டில் விழுவதும் எளிதாகிவிடுகிறது. அதிக வேகச் சுழற்சியில் அப்படி விழுந்தால் எஞ்சினின் வால்வுகளே வளையக்கூடும். கைக்குப் புதிய தூரம் பழகும்வரை சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே கியரை மாற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பிறகு ரப்பர் உறையைத் தூக்கி, போல்ட்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பழைய லீவரைக் கிரீஸ் தடவிய துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் அதைக் கேட்கக்கூடும்.