நண்பர்களோடு ‘வெரி வெரி வேலே’: கார் நிறுத்தும் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நாலு பேர் ஒரே திரையைப் பார்த்தபடி கார் நிறுத்துகிற ஆட்டம் ‘வெரி வெரி வேலே’. டாய்ஃபுல் கேம்ஸ் செய்தது. 2021 மே மாதம் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வெளியானது, பிறகு ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடை வழியாகக் கணினிக்கும் வந்தது. வாடிக்கையாளர்கள் காரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பொம்மலாட்டப் பொம்மை உருவத்தில் இருக்கும் நாம் அதில் ஏறி, எங்காவது கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து வண்டியைக் கேட்பார். அவர் பொறுமை தீர்வதற்குள் வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியில்தான் கவனம் வைக்கிறார்கள். வண்டி வந்தால் உடனே ஏறி, கண்ணில் பட்ட இடத்தில் சொருகிவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறார்கள். முதல் நிமிடம் அருமையாகப் போகும். அப்புறம் கேட்கிற வண்டியெல்லாம் மூன்று வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் முதலில் வந்தவர் கார் கடைசி வரை வெளியே வரமுடியாமல் நிற்குமே, அதே கதைதான். இந்த ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வண்டியை எடுப்பதுதான். எடுக்கும்போது என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே நிறுத்தப் பழகுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

தொடங்குவதற்கு முன்

இது ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து ஆடுவதற்காகச் செய்த ஆட்டம். ஒருவரிலிருந்து நால்வர் வரை ஆடலாம். ஆட்டம் ஒன்று வாங்கினால் போதும், கன்ட்ரோலர் மட்டும் ஆளுக்கொன்று வேண்டும். திரையைப் பிரித்துக் காட்டாது, எல்லோரும் மேலிருந்து தெரியும் ஒரே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் கைப்பேசித் திரை அளவில் ஆடினால் யார் பொம்மை எது என்றே தெரியாது. டிவியில் இணைத்துக்கொள்ளுங்கள்.

மொபைலில் ‘கார் பார்க்கிங் மல்டிபிளேயர்’ ஆடிப் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அதில் நண்பர்களோடு ஊர் சுற்றலாம், ஆளாளுக்கு அவரவர் காரைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே வேலை, ஒரே முடிவு. ஒருவர் மட்டும் பிரமாதமாக ஓட்டி ஒரு பயனும் இல்லை.

முதல் படி: ஓட்டிப் பழகுங்கள்

முதல் ஒன்றிரண்டு கட்டங்களை, ஆட்டம் மதிப்பெண்ணாகத் தரும் நட்சத்திரங்களைப் பற்றி யோசிக்காமல் ஆடுங்கள். வண்டியில் ஏறுவது, இறங்குவது, திருப்புவது, பின்னால் எடுப்பது, பூஸ்ட் (திடீர் வேகம்) கொடுப்பது, குதிப்பது என்று எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

பலருக்கும் முதலில் தலை சுற்றுவது திருப்புவதில்தான். வண்டி திரையில் மேல்நோக்கிப் போகும்வரை சிக்கல் இல்லை. நம்மைப் பார்த்துக் கீழ்நோக்கி வரும்போது வண்டியின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகிவிடும். இதற்கு ஒரே மருந்து, வண்டிக்குள் நாம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வது. காலியாக இருக்கும் இடத்தில் ஒரு காரை எடுத்து எட்டு போட்டுப் பாருங்கள், நம் ஊரில் லைசென்ஸ் வாங்க பைக்கில் போடுகிற அதே எட்டு. நாலைந்து சுற்றில் கை பழகிவிடும். கன்ட்ரோலரையே சாய்த்துத் திருப்பும் வசதியும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் நெருக்கடியான இடத்தில் நுழைக்கக் கன்ட்ரோலரில் உள்ள குச்சியால் திருப்புவதுதான் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

இன்னொன்று, இடித்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். மோதலும் இந்த ஆட்டத்தில் சேர்ந்ததுதான். வழியில் நிற்கும் வண்டியை ஏறி நகர்த்த நேரமில்லை என்றால் நம் வண்டியாலேயே மெதுவாகத் தள்ளிவிடலாம். வேகமாக மோதினால் அது உருண்டு போய் வேறொரு வழியை அடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைப் பாருங்கள்

ஒரு கட்டம் தொடங்கியதும் முதல் வண்டி வருவதற்குள் கிடைக்கும் சில நொடிகளை வீணாக்காதீர்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: வாசல் எங்கே, அங்கே போக எத்தனை வழி, எந்த மூலை முட்டுச்சந்து.

இரண்டு வழி இருந்தால் அங்கேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்: இந்தப் பக்கம் போவது, அந்தப் பக்கம் வருவது. ஆட்டம் இப்படி ஒரு விதி எதுவும் வைக்கவில்லை. ஆனால் நாலு பேர் ஒருவழிப்பாதை மாதிரி சுற்ற ஆரம்பித்தாலே பாதி மோதல் குறைந்துவிடும். ஒரே வழிதான் என்றால், வாடிக்கையாளருக்குக் கொடுக்க வரும் வண்டிக்கே முதல் உரிமை. நிறுத்தப் போகிறவர் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், குறுகலான வழியில் இரண்டு வண்டி மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் போய், மறுபடி ஒரே நேரத்தில் முன்னால் வந்து முட்டிக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: எடுப்பதற்காக நிறுத்துங்கள்

நாலு வண்டி வரிசையாக நிற்கக்கூடிய ஒரு முட்டுச்சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கடைசியில் நிற்கும் வண்டி வேண்டும் என்றால் முன்னால் உள்ள மூன்றையும் வெளியே எடுக்க வேண்டும். அந்த மூன்றையும் வைக்க வேறு இடம் வேண்டும், அதற்குள் வாசலில் புது வண்டி வந்து நிற்கும். ஒரு வேலை நாலு வேலையாகிவிட்டது. அதே சந்தில் மூன்று வண்டியை மட்டும் சாய்வாக, ஒன்றின் பாதையை இன்னொன்று மறைக்காமல் நிறுத்திப் பாருங்கள். ஒரு வண்டிக்கான இடம் போகும். பதிலுக்கு எந்த வண்டியையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். இந்தக் கணக்கு மனசில் ஏறிவிட்டால் ஆட்டம் பாதி வசமான மாதிரி.

அடுத்து, மூக்கு வெளியே தெரியும்படி நிறுத்துவது. பின்னால் எடுத்து நிறுத்தக் கூடுதலாக இரண்டு மூன்று நொடி ஆகும். கட்டத்தின் தொடக்கத்தில் யாரும் வண்டி கேட்பதில்லை, அந்த நொடிகளுக்கு அப்போது விலையே இல்லை. கடைசியில் நாலு பேர் ஒரே நேரத்தில் வண்டி கேட்டு நிற்கும்போது, ஏறியதும் நேராகச் சீறிக்கொண்டு வரமுடிகிற வண்டிதான் உங்களைக் காப்பாற்றும். எல்லா வண்டிக்கும் இதைச் செய்ய முடியாது. தொடக்கத்தில் வருகிற நாலைந்துக்குக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

நீளமான வண்டி வந்தால் அதை மூலைக்குள் நுழைக்க முயலாதீர்கள். திறந்த ஓரமாகப் பார்த்து விட்டுவிடுங்கள். சின்ன கார்களுக்குத்தான் சந்துபொந்து. வாசலுக்கு முன்னால் இரண்டு கார் அளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அந்த இடம் எவ்வளவு ஆசை காட்டினாலும் அங்கே நிறுத்தக்கூடாது. வருகிற வண்டியும் கொடுக்கிற வண்டியும் கடந்து போவது அங்கேதான்.

நான்காம் படி: வாயைத் திறந்து பேசுங்கள்

அமைதியாக ஆடுகிற குழுவை இந்த ஆட்டம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரே வண்டிக்கு இரண்டு பேர் ஓடுவார்கள், இன்னொரு வண்டிக்கு யாருமே போகமாட்டார்கள்.

‘அந்த வண்டி’, ‘இந்தப் பக்கம்’ என்றெல்லாம் சொல்லாதீர்கள். உங்கள் ‘இந்தப் பக்கம்’ எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நிறம், வகை, இடம், யார் எடுக்கிறார்கள், இந்த நாலும் போதும்:

“பச்சை வேன், மரத்துக்குப் பக்கத்துல. நான் எடுக்கறேன்.”

“சரிடா, வாசல நான் காலி பண்றேன்.”

இவ்வளவுதான். ஒருவர் ‘எடுக்கறேன்’ என்று சொல்லிவிட்டால் அந்த வண்டியை மற்றவர்கள் மறந்துவிட வேண்டும். எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து அமுக்கமாகப் போராடினால் பத்து நொடி போய்விடும். நிறுத்தும்போதும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது: “மஞ்ச கார் கிணத்தடி மூலை.” சொன்னவருக்கே அது நினைவில் நிற்கும், பாதி பயன் அதில்தான்.

யாருக்கு என்ன வேலை

இரண்டு பேர் என்றால் வேலையைப் பிரிக்கவே வேண்டாம். யாருக்கு எது பக்கமோ அதை எடுக்கலாம், பேச்சு மட்டும் நிற்கக்கூடாது. மூன்று பேர் என்றால் இரண்டு பேர் ஓட்டட்டும். மூன்றாமவர் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்து, வந்து நிற்கும் வண்டிகளை உடனுக்குடன் நகர்த்தி வழியைத் திறந்து வைக்கட்டும். பார்க்கச் சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் குழுவில் கெட்டிக்காரருக்குத்தான் இதைக் கொடுக்க வேண்டும். அடுத்து யார் வண்டி கேட்கிறார் என்பதை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

நாலு பேர் ஆடினால் எளிதாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் நாலு பேர் என்றால் ஒரே நேரத்தில் நாலு வண்டி ஓடும், வழியோ அதே வழிதான். அதனால் நால்வர் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று வண்டிக்கு மேல் நகரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாமவர் நடந்தே போய், அடுத்து தேவைப்படும் வண்டியில் ஏறித் தயாராக இருக்கலாம்.

குழுவில் அம்மாவோ, சின்னத் தம்பியோ, கன்ட்ரோலரையே முதல்முறை தொடுகிறவரோ இருந்தால், வாசலுக்கு அருகே இருக்கும் திறந்த இடத்தை அவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். கிட்டத்தில் நிறுத்துவது, கிட்டத்திலிருந்து எடுப்பது, இரண்டும் எளிது. அவர் தடுமாறும்போது கன்ட்ரோலரைப் பிடுங்கி நீங்கள் ஓட்டிக் காட்டாதீர்கள். “கொஞ்சம் பின்னால எடுங்க, இப்ப திருப்புங்க” என்று சொன்னால் இரண்டு கட்டத்தில் அவரே ஓட்டிவிடுவார்.

ஐந்தாம் படி: கடைசி நிமிடம்

கட்டத்தின் இறுதியில் வண்டி கேட்கிறவர்கள் கும்பலாக வருவார்கள். அப்போது எந்த வண்டி முதலில் கேட்கப்பட்டதோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றும். நான் அப்படிச் செய்யமாட்டேன். பொறுமை தீரப்போகிறவர் யார் என்று பார்ப்பேன். அவருடைய வண்டி அடைபட்டிருந்தால், அடைத்துக்கொண்டிருக்கும் வண்டியையும் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். கேட்டிருந்தால் முன்னால் நிற்பதை ஒருவர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரட்டும், பின்னால் நிற்பதில் இன்னொருவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து தயாராக இருக்கட்டும். இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும். இந்த ஒரு அசைவு சரியாக அமைந்தால் அறையே கத்தும்.

பூஸ்ட்டை அதுவரை சேமிக்க வேண்டியதில்லை. ஆனால் நேரான பாதையில் மட்டும் பயன்படுத்துங்கள். திருப்பத்தில் பூஸ்ட் கொடுத்தால் வண்டி சுவரில் போய்த்தான் நிற்கும்.

பின்னால் வரும் கட்டங்களில் ரயில் குறுக்கே ஓடுவது போன்ற தொந்தரவுகள் சேரும். தண்டவாளத்துக்கு அப்பால் நிறுத்தினால் எடுக்கும் நேரத்தில் ரயில் வரலாம். அதனால் முதலில் இப்பால் இருக்கும் இடத்தை நிரப்பிவிட்டு, வேறு வழியில்லாதபோது மட்டும் அப்பால் போங்கள்.

நண்பர்கள் வேறு ஊரில் இருந்தால்

கணினியில் ஸ்டீமின் ‘ரிமோட் பிளே டுகெதர்’ வசதியைப் பயன்படுத்தலாம். 2019-இல் வந்தது. ஒருவரிடம் ஆட்டம் இருந்தால் போதும். அவர் கணினியில் ஆட்டம் ஓடும், படம் மற்றவர்களுக்குப் போகும், அவர்கள் அழுத்துவது இங்கே திரும்பி வரும். ஆட்டத்தைத் திறந்து, ஷிஃப்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தி, நண்பர்கள் பட்டியலில் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் அழைக்கும் வாய்ப்பு வரும். ஸ்டீம் கணக்கே இல்லாதவருக்கு இணைப்பு அனுப்பி அழைக்கலாம். அவர் ஸ்டீம் லிங்க் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு சேர்ந்துவிடலாம்.

ஆட்டத்தை யார் வாங்குவது என்று முடிவு செய்யும்போது, யாருடைய இணையத்தில் அப்லோட் வேகம் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். அவர் வீட்டில்தான் ஆட்டம் ஓட வேண்டும். எல்லோருக்கும் படத்தை அனுப்புவது அவர் கணினிதான். முடிந்தால் ரவுட்டரிலிருந்து வயர் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. படம் தடுமாறினால் அனுப்பும் படத்தின் ரெசல்யூஷனைக் குறையுங்கள். இந்த ஆட்டத்துக்குக் கூர்மையான படம் தேவையில்லை, அழுத்தியதும் வண்டி நகர்வதுதான் தேவை. அப்படியும் தாமதம் இருக்கும் நண்பருக்கு வாசல் வேலையைக் கொடுக்காதீர்கள். தூரத்து மூலையில் வண்டி நிறுத்தும் வேலையைக் கொடுங்கள், அங்கே அரை நொடி தாமதத்தால் பெரிய நஷ்டம் இல்லை. விருந்தாளியின் கீபோர்டும் மவுஸும் தேவையில்லை என்றால் அழைத்தவரே அவற்றை நிறுத்திவைக்கலாம். கன்ட்ரோலர் மட்டும் வேலை செய்யும், தெரியாமல் எதையோ அழுத்தி ஆட்டம் பாதியில் நிற்கும் தொல்லையும் இருக்காது.